டர்புலண்ட் என்று யாரைச் சொல்வது?



ஆண்டு மலர் என்றால் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை, நட்பைப் பற்றி நாலு கவிதை, வரதட்சணைக்கு எதிராக ஒரு கட்டுரை, மிச்சமிருக்கும் இடத்தில் கடி ஜோக்ஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மலரிலும் அதெல்லாம் இருக்கும், அவசியம் படியுங்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி. டர்புலண்ட்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு இது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் வரும் சின்னக் கேள்வி. ரெனால்ட்ஸ் நம்பர் 2000-க்குக் கீழே இருந்தால் லாமினார் ஃப்ளோ, 4000-க்கு மேலே போனால் டர்புலண்ட் ஃப்ளோ, நடுவில் மாட்டிக்கொண்டால் ட்ரான்ஸிஷன். எழுதினோமா, மார்க் வாங்கினோமா என்று போய்க்கொண்டே இருப்போம். எலெக்ட்ரிகல், கம்ப்யூட்டர் நண்பர்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. ஆனால் இதே வார்த்தை இங்கிலீஷ் பேப்பரிலும் வருகிறது. டர்புலண்ட் கிரவுட், டர்புலண்ட் ஸ்டூடண்ட்ஸ், டர்புலண்ட் டைம்ஸ் என்றெல்லாம் போடுகிறார்கள். அங்கே அது மார்க்குக்கான கேள்வி இல்லை, யாராவது ஒருத்தர் தலையில் போய் விழுகிற வார்த்தை. பல சமயம் அது மாணவன் தலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இந்த வார்த்தையை நாம் ரொம்ப ஒழுங்காகப் பயன்படுத்துகிறோம். தண்ணீர் ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டு, கணக்குப் போட்டு, அப்புறம்தான் டர்புலண்ட் என்கிறோம். மனுஷனைப் பற்றிப் பேசும்போது மட்டும் கணக்கே கிடையாது. அவன் பிறவிக் குணமே அதுதான் என்பது போல முத்திரை குத்திவிடுகிறோம். இது சரியில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதலில் அர்த்தத்தைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் 'டுர்பா' என்றால் கும்பல், அமளி. டர்புலண்ட் அங்கிருந்துதான் வந்தது. டிஸ்டர்ப், டிரபிள் எல்லாம் அதே வேரில் முளைத்தவை. சிவில்காரர்கள் குடிதண்ணீர் டெஸ்டில் பார்க்கிறார்களே டர்பிடிட்டி, அதாவது கலங்கல், அதுவும் இந்தக் குடும்பம்தான். 'டுர்போ' என்று இன்னொரு சொல் இருக்கிறது, பம்பரம், சூறைக்காற்று என்று பொருள். டுர்பாவுக்கு நெருங்கிய சொந்தம். அதை வைத்து 1822-ல் க்ளோத் பூர்தேன் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் டர்பைன் என்ற பெயரை உண்டாக்கினார். ஆக, கலாட்டா பண்ணுகிறவன் என்று திட்டுகிற வார்த்தையும், மேட்டூரில் கரண்ட் தருகிற மெஷினின் பெயரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. இது எனக்குத் தெரிந்தபோது ஒரு தனி சந்தோஷம்.

எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இண்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு உதவும். கடல், ஆறு, காற்று, ஒரு காலகட்டம், ஒரு கூட்டம், ஒருவருடைய வாழ்க்கை, மனசு, இவற்றுக்கெல்லாம் டர்புலண்ட் போடலாம். ஆட்டம் கண்ட மேஜைக்கும் ரிப்பேரான பைக்குக்கும் போடக்கூடாது. வயலண்ட் என்றால் அடிதடி நடந்திருக்க வேண்டும். டர்புலண்ட் என்றால் நடந்திருக்க வேண்டியதில்லை, அமைதி கெட்டிருந்தால் போதும். ரெஸ்டிவ் என்று ஒன்று இருக்கிறது. ரெஸ்ட் என்று தொடங்குவதால் ஓய்வாக இருப்பவன் என்று நினைத்துவிடாதீர்கள், நேர் எதிர். முதலில் அது முன்னே போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிற குதிரைக்குச் சொன்ன வார்த்தை. இப்போது கட்டுப்பாட்டில் இருக்கப் பொறுமை இல்லாதவனுக்குச் சொல்கிறார்கள்.

ரயட் என்பது இன்னும் வேறு. அதற்குச் சட்டத்தில் இலக்கணம் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 146-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 191-வது பிரிவு. ஐந்து பேராவது சேர்ந்திருக்க வேண்டும், அது சட்டவிரோதக் கூட்டமாக இருக்க வேண்டும், பொது நோக்கத்துக்காக அதில் ஒருத்தராவது பலாத்காரம் பண்ணியிருக்க வேண்டும். இத்தனையையும் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். ஆனால் 'டர்புலண்டாக இருந்தான்' என்று ஒரு குற்றம் அந்தப் புத்தகத்தில் கிடையாது. அதனால்தான் சில பேருக்கு இந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கிறது. எதையும் நிரூபிக்க வேண்டாம், சாட்சி வேண்டாம், வார்த்தையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

இந்த டிப்ளமோவுக்கு வருவதற்கு முன்னால் ஐ.டி.ஐ. படித்தபோது நான் தங்கியிருந்த விடுதியில் (பெயர் வேண்டாம்) தண்ணீர் செம்மண் கலரில் வந்தது. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் ஒரு விரல் வண்டல். மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தோம். நாலாவது முறை மனு எழுதாமல் காலி பக்கெட்டுகளோடு ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். ஒரு கண்ணாடி உடையவில்லை, ஒருத்தர் மேல் கை படவில்லை. பக்கெட்டைத் தட்டிச் சத்தம் போட்டது உண்மை. மறுநாள் நோட்டீஸ் போர்டில் இங்கிலீஷில் சர்க்குலர் ஒட்டினார்கள். 'டர்புலண்ட் எலிமெண்ட்ஸ்' மீது நடவடிக்கை எடுக்கப்படுமாம். எலிமெண்ட் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஹீட்டரில் இருக்கிற எலிமெண்ட்தான். ஒருத்தன் டிக்‌ஷனரி பார்த்து 'அடங்காதவன், கலகம் செய்கிறவன்' என்று சொன்னான். கலங்கியிருந்தது தண்ணீர், கலகக்காரன் ஆனது நாங்கள்! சர்க்குலர் எழுதியவர் டர்பிட் என்று தண்ணீரைச் சொல்லியிருந்தால் டேங்க்கைக் கழுவ வேண்டியிருந்திருக்கும். டர்புலண்ட் என்று எங்களைச் சொன்னதால் யாரும் எதையும் கழுவ வேண்டியதில்லை. ஒரே வேர்ச்சொல்தான், ஆனால் யார் மேல் ஒட்டுகிறோம் என்பதில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

சரி, தண்ணீரை ஏன் நாம் அப்படித் திட்டுவதில்லை? அதற்கு ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற மனிதரிடம் போக வேண்டும். 1842-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 1868-ல் மான்செஸ்டரில் ஓவன்ஸ் காலேஜில் எஞ்சினியரிங் பேராசிரியர் ஆனார். 1883-ல் அவர் வெளியிட்ட சோதனையைத்தான் நாம் இன்றைக்கும் லேபில் செய்து ரெக்கார்டு நோட்டில் படம் போடுகிறோம். ஒரு பெரிய தொட்டி, அதற்குள் கண்ணாடிக் குழாய். ஒரு இஞ்ச், அரை இஞ்ச், கால் இஞ்ச் என்று மூன்று அளவு. குழாயின் வாயை நாதஸ்வரத்தின் முனை மாதிரி அகலமாக வைத்தார், உள்ளே போகும் தண்ணீர் முட்டி மோதாமல் இருப்பதற்காக. அதில் ஒரு சாயத் தண்ணீர் நூல் போல நுழையும். மெதுவாகப் போகும்போது அந்த நூல் குழாயின் கடைசி வரைக்கும் வகிடு எடுத்த மாதிரி நேராகப் போகும். வால்வைத் திறந்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நூல் அறுந்து சாயம் குழாய் முழுக்கப் பரவிவிடும். நாம் பார்த்தது இவ்வளவுதான். லேப் அஸிஸ்டண்ட் 'பார்த்தாச்சா, ரீடிங் எடு' என்று விரட்டுவார்.

ஆனால் ரெனால்ட்ஸ் அதோடு விடவில்லை. பரவிய சாயத்தை மின்சாரப் பொறியின் வெளிச்சத்தில் பார்த்தார். கண்மூடித் திறப்பதற்கும் குறைவான நேரம். அந்த வெளிச்சத்தில், வெறும் கண்ணுக்குக் குழப்பமாகத் தெரிந்த நிறம், தனித்தனிச் சுருள் சுருளாகத் தெரிந்தது! ஒவ்வொரு சுருளும் ஒரு சுழல். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், ஒரு திசை. தூரத்தில் இருந்து பார்த்தால் கும்பல், கிட்டே போய் வெளிச்சம் போட்டால் தனித்தனி. கூட்டத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் அந்தப் பொறியைத் தட்டிப் பார்க்கிறார்கள்? மாடியில் நின்று பார்த்தால் எல்லாமே சாயம் கரைந்த தண்ணீர்தான்.

இன்னொரு விஷயம். ரெனால்ட்ஸ் தன் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தபோது டர்புலண்ட் என்ற வார்த்தையைப் போடவில்லை. நேரான ஓட்டம், நெளிந்து வளைந்த ஓட்டம் என்றுதான் அர்த்தம் வரும்படி வைத்தார். டர்புலண்ட் என்ற பெயரை இந்த ஓட்டத்துக்கு 1887-ல் கொண்டுவந்தவர் கெல்வின் பிரபு என்று அறியப்படும் வில்லியம் தாம்சன். நம்ம கெல்வின் டெம்பரேச்சர் கெல்வின்தான். அதற்குச் சில நூறு வருஷம் முன்பிருந்தே இங்கிலீஷ்காரர்கள் மனிதர்களை அப்படிச் சொல்லி வந்தார்கள். ஆக, திட்டுகிற வார்த்தையை எடுத்து விஞ்ஞானம் சுத்தம் பண்ணிக்கொண்டது. அந்தச் சுத்தத்தை மறுபடி மனிதர்களிடம் கொண்டுவருவதுதான் பாக்கி.

ரெனால்ட்ஸ் நம்பரில் என்ன இருக்கிறது? அடர்த்தி, வேகம், குழாயின் விட்டம், இந்த மூன்றையும் பெருக்கி விஸ்காசிட்டியால் வகுக்கிறோம். 25 மில்லிமீட்டர் குழாயில் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 25,000 வருகிறது, நன்றாகவே டர்புலண்ட். அதே குழாயில் அதே வேகத்தில் விளக்கெண்ணெய் விட்டால் சுமார் 25 தான், பரம சாது. (சுறுசுறுப்பு இல்லாதவனை நம்ம ஊரில் விளக்கெண்ணெய் என்று திட்டுவது சயின்ஸ்படி சரி.) இதில் தண்ணீரின் குணம் என்று பார்த்தால் அடர்த்தியும் விஸ்காசிட்டியும்தான். வேகமும் விட்டமும் நாம் கொடுத்தவை. பம்பை ஓடவிட்டது யார்? குழாய் போட்டது யார்? பாதிக் காரணம் குழாய் வைத்தவனிடம் இருக்கிறது. நூலை அறுத்துக்கொண்டது தண்ணீரின் திமிர் என்று எந்த ஸ்டூடண்டாவது ரெக்கார்டில் எழுதினால் சார் நோட்டை முகத்திலேயே விட்டெறிவார்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 2000, 4000 என்பதெல்லாம் கடவுள் எழுதிவைத்த எண் இல்லை. தொட்டியை அசையாமல் வைத்து, ரொம்ப ஜாக்கிரதையாகச் செய்தபோது ரெனால்ட்ஸ் சுமார் 13,000 வரைக்கும் தண்ணீரை நேராகவே ஓடவைத்தார். அவருடைய அதே கருவி மான்செஸ்டரில் பத்திரமாக இருக்கிறது. பிற்காலத்தில் அதே கருவியில் செய்து பார்த்தபோது அந்த 13,000 கிடைக்கவில்லை, அதற்கு முன்னாலேயே நூல் அறுந்துவிட்டது. காரணம், ரோட்டில் போகிற வண்டிகள். லாரி, பஸ் அதிர்வு தொட்டியைத் தொட்டுவிடுகிறது. அதே கருவி, அதே மாதிரித் தண்ணீர், ஆனால் வெளியே லாரி போகிறது.

உடனே ஒருத்தர் எழுந்து கையைத் தூக்குவார். 'அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள்!' என்பார். பொறுங்கள் சார், மறுபாதியையும் கேளுங்கள். 2000-க்குக் கீழே என்ன நடக்கிறது? அங்கே குழாயைத் தட்டுங்கள், ஆட்டுங்கள், பக்கத்தில் நூறு லாரி விடுங்கள். தண்ணீர் ஒரு நொடி கலங்கும், கொஞ்ச தூரம் போனதும் தானாகவே அடங்கி நேராகிவிடும். தூண்டுதல் அங்கே செத்துப்போகும். தூண்டுதல் பிடித்துக்கொள்கிறது என்றால் ஓட்டம் ஏற்கெனவே அந்த நிலைக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். லாரியைக் குற்றம் சொல்கிறவர் வால்வை யார் எவ்வளவு திறந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம்ம மாநிலத்தில் இதற்குப் பெரிய உதாரணம் 1965. அரசியல் சட்டம் இங்கிலீஷுக்குக் கொடுத்த 15 வருஷ அவகாசம் அந்த வருஷம் ஜனவரி 26-ல் முடிந்தது. அதற்கு முந்தின நாள் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் ஏற்பட்டு, போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. அன்றைய முதலமைச்சர் பக்தவத்சலத்தின் அரசு, எதிர்க்கட்சிகளின் தூண்டுதல் என்றது. தி.மு.க. மாணவர்களிடையே வேலை செய்யவில்லை என்று நானும் சொல்லமாட்டேன். லாரி ஓடியது உண்மை. ஆனால் டெல்லியில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்றால் தனக்கு வேலை கிடைக்குமா என்ற பயம் அந்த மாணவனுக்கு இல்லாதிருந்தால், எந்தத் தலைவர் பேசியும் அவன் ஹாஸ்டலை விட்டு இறங்கியிருக்க மாட்டான். பல உயிர்கள் போயின. பிப்ரவரி 11-ஆம் தேதி மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ரேடியோவில் பேசி இங்கிலீஷ் தொடரும் என்று உறுதி தந்தார். அதைச் சட்டத்தில் எழுத 1967 வரை ஆயிற்று. கடைசியில் வால்வைத்தான் திருக வேண்டியிருந்தது. துப்பாக்கி எடுத்தது, காலேஜுக்கு லீவு விட்டது எல்லாம் குழாயைக் கையால் இறுக்கிப் பிடித்த கதைதான்.

இதற்கும் முன்னால், கம்பெனிக்காரன் காலத்திலேயே இந்த வேலை ஆரம்பித்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களில் நம்ம பாளையக்காரர்களுக்கு அடிக்கடி வரும் பட்டங்கள் இரண்டு. ஒன்று டர்புலண்ட், இன்னொன்று ரிஃப்ராக்டரி. இரண்டாவதும் நமக்குத் தெரிந்த சொந்தக்காரன்தான். ஃபர்னஸுக்குள் வைக்கிறோமே ரிஃப்ராக்டரி பிரிக்ஸ், எவ்வளவு சூடு வைத்தாலும் உருகாத செங்கல், அதே வார்த்தை. சொல்பேச்சுக் கேட்காதவன் என்பது மூல அர்த்தம். நெருப்புக்கு அடங்காத செங்கல்லைக் காசு கொடுத்து வாங்குகிறோம், வரிக்கு அடங்காத மனுஷனைத் தூக்கில் போட்டார்கள்.

கட்டபொம்மன் விஷயத்தையே எடுங்கள். ஆற்காட்டு நவாபுக்குப் போக வேண்டிய கப்பத்தைப் பாளையக்காரர்களிடம் நேராக வசூலிக்கிற அதிகாரம் 1792 உடன்படிக்கையில் கம்பெனிக்கு வந்தது. அங்கே வால்வு திறந்தது. 1798-ல் கலெக்டர் ஜாக்சன் அவரைப் பார்க்க வரச்சொல்லிவிட்டு, குற்றாலத்தில் ஆரம்பித்து ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில்தான் பேட்டி கொடுத்தார். அங்கே கைகலப்பு ஆனது. சினிமாவில் பார்த்திருக்கிறோம், ஆனால் சினிமாவில் வராத ஒரு பாகம் இருக்கிறது. சென்னையில் கம்பெனி அரசாங்கமே ஒரு விசாரணைக் குழு போட்டு, கட்டபொம்மன் மீது தப்பில்லை என்று கண்டு, ஜாக்சனைப் பதவியிலிருந்து எடுத்தது! அதாவது ஒருமுறை அவர்களே ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். இருந்தும் குழாயை மாற்றவில்லை, அடுத்த கலெக்டரும் அதே வசூலோடு வந்தார். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு. 1801-ல் மருது சகோதரர்கள். தீர்ப்பு மாறினாலும் பட்டம் மாறவில்லை.

இங்கிலாந்திலேயே இந்த வார்த்தைக்கு ஒரு பேர்போன பலி உண்டு. இரண்டாம் ஹென்றி ராஜா, தாமஸ் பெக்கெட் என்ற பேராயரை 'டர்புலண்ட்' பாதிரி என்று எரிச்சலோடு சொன்னதாகவும், அதைக் கேட்ட நாலு வீரர்கள் 1170 டிசம்பர் 29-ல் கேண்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே அவரை வெட்டிக் கொன்றதாகவும் கதை. கொலை நடந்தது உண்மை. ஆனால் ராஜா இந்த வார்த்தையைச் சொன்னதாக அந்தக் காலத்து ஆட்கள் எழுதவில்லை, அவர்கள் எழுதிய வாசகம் வேறு. டர்புலண்ட் பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. ராஜாவே 1174-ல் அந்தக் கல்லறைக்குப் போய்த் தவம் கிடந்து சவுக்கடி வாங்கினார். அப்புறமும் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் நினைவில் நிற்பது பாதிரிக்குக் கொடுத்த அடைமொழிதான். செத்தவனுக்கு முன்னாலேயே விளக்கம் தயார் பண்ணிவைக்கிற வார்த்தை இது.

ஆகாயத்தில் மட்டும் நமக்கு நியாய உணர்வு வந்துவிடுகிறது. 2024 மே 21-ல் லண்டனில் இருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மர் வான்வெளியில் டர்புலன்ஸில் மாட்டிக் குலுங்கி, பாங்காக்கில் இறக்கப்பட்டது. ஒரு பயணி இறந்தார், பலருக்குக் காயம். அதைப் படித்துவிட்டு 'காற்றுக்குக் கொழுப்பு' என்று யாராவது சொன்னார்களா? எந்த உயரம், என்ன மேகம், பெல்ட் போட்டிருந்தார்களா என்றுதான் கேட்டார்கள். இந்தச் சுழல்களின் கணக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை சொன்னால் பத்து லட்சம் டாலர் என்று அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-ல் அறிவித்த பரிசை இன்னும் யாரும் வாங்கவில்லை. காற்றையே புரிந்துகொள்ள இத்தனை பாடு. ஒரு ஹாஸ்டல் பையன்களை மட்டும் ஒரு நாள் சாயங்காலத்தில் புரிந்துகொண்டு சர்க்குலர் ஒட்டிவிட முடிகிறது!

இப்படி எழுதுவதால் தினம் ஸ்டிரைக் பண்ணு என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டர்புலன்ஸுக்கு விலை உண்டு. லாமினாரில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் உராய்வு இழப்பும் இரண்டு மடங்குதான். டர்புலண்டில் அது கிட்டத்தட்ட நாலு மடங்கு வரை போய்விடும். அந்தக் கூடுதல் கரண்ட் பில்லை யாரோ கட்டத்தான் வேண்டும். ஸ்டிரைக்கில் போன நாட்களுக்கு பில் கட்டுவது பெரும்பாலும் தலைவர்கள் இல்லை, ஃபீஸ் கட்டக் கடன் வாங்கிய அப்பாக்கள். குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறவர்களும் நம்ம கேம்பஸில் உண்டு, பெயர் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அமைதி எல்லா இடத்திலும் நல்லதும் இல்லை. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? படிகாரத்தைக் கரைத்து விடும் இடத்தில் தண்ணீரை அடித்துக் கலக்குகிறார்கள். அங்கே கலக்காவிட்டால் படிகாரம் ஒரு ஓரமாகப் போய்விடும், அழுக்கு அழுக்காகவே இருக்கும். அடுத்த தொட்டியில் மெதுவாகக் கிளறுகிறார்கள், அழுக்குத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகட்டும் என்று. அதற்கடுத்த தொட்டியில் அசைவே வேண்டாம், படியட்டும் என்று விடுகிறார்கள். எங்கே எது என்று தெரிந்தவன்தான் பிளாண்ட்டை நடத்த முடியும். முதல் தொட்டியிலேயே 'சத்தம் போடாதே' என்று போர்டு வைத்தால் கடைசித் தொட்டியில் கலங்கல்தான் வரும்.

கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு செய்தி. புதுப் பந்து ஸ்விங் ஆவதும் இதனால்தான். தையல் இருக்கிற பக்கத்தில் காற்று டர்புலண்ட் ஆகிப் பந்தை விட்டுப் பிரியாமல் கூடக் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. வழவழப்பான பக்கத்தில் லாமினாராக வந்த காற்று சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. அந்த வித்தியாசம்தான் பந்தைத் தையல் காட்டும் திசைக்குத் தள்ளுகிறது. ஒழுங்காக வந்த காற்று சீக்கிரம் கழன்றுகொண்டது, கலாட்டா பண்ணின காற்று கடைசி வரை கூட வந்தது. இதற்கு விளக்கம் நான் சொல்லமாட்டேன், உங்கள் நண்பர் வட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாகத் தமிழ். ப்ளஸ் டூ முடித்துவிட்டு நேரடி இரண்டாம் ஆண்டு வந்த நண்பர்களின் பழைய புத்தகத்தில் டர்புலண்ட் ஃப்ளோவுக்குச் சுழற்சி ஓட்டம் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. சுழற்சி என்றால் ராட்டினம் மாதிரி முறையாகச் சுற்றி வருவது என்றுதான் மனசில் படுகிறது. கொந்தளிப்பு ஓட்டம் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. நமக்கும் லத்தீன்காரர்களைப் போல ஒரு குடும்பமே இருக்கிறது பாருங்கள். கலங்கினால் கலங்கல் தண்ணீர், மனசு கலங்கினால் கலக்கம், பக்கத்திலேயே கலகம். கலகத்தை வடமொழிக் கலஹத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு, அது பண்டிதர்கள் பாடு. நம் காதுக்கு எல்லாம் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

அந்த வீட்டில் இங்கிலீஷ்காரனுக்கு இல்லாத ஒரு பிள்ளையும் பிறந்திருக்கிறது. ஆண்டு விழாவில் நம்ம பசங்க மேடையில் ஆடி முடித்ததும் பின் வரிசையில் இருந்து 'கலக்கிட்டே மச்சி!' என்று ஒரு சத்தம் வரும். கலக்கியது நல்லது, இன்னும் கலக்கு என்று அர்த்தம். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எங்கள் இங்கிலீஷ் மேடத்திடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார், சிரித்தார், டர்புலண்ட் மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு கிளாஸுக்குப் போய்விட்டார்.

— இறுதியாண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு